தலையெழுத்தை எழுதுவது யார்?

மண்டையோடு ஒன்றை அருகிலிருந்து பார்த்தவர்கள் கவனித்திருப்பார்கள். அதன் உச்சியிலும் பின்புறத்திலும் வளைந்தும் நெளிந்தும், கோணலும் மாணலுமாகச் சில கோடுகள் ஓடும். எலும்பும் எலும்பும் கூடுகின்ற இடம் அது. ஆனால் நம் நாட்டுப் பாட்டிமார் அதனைச் சுட்டிக் காட்டி, "பார், பிரமன் எழுதிய எழுத்து!" என்பர். என்ன மொழி என்று கேட்டால் விடை இல்லை. படித்தவர் யார் என்று கேட்டால் அதற்கும் விடை இல்லை. எவருக்கும் படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் பொருள் மட்டும் எல்லாருக்கும் தெரியும்: இவன் ஆளப் பிறந்தவன், அவன் அடங்கப் பிறந்தவன், இவனுக்குப் படிப்பு வரும், அவனுக்கு வராது!

விந்தையான எழுத்து! அதனினும் விந்தையான வாசிப்பு!

அந்தக் கோடு எப்படி வந்தது என்பதை உடற்கூற்று நூல் சொல்கிறது. பிறந்த குழந்தையின் தலையை மெல்லத் தடவிப் பாருங்கள். உச்சியில் மெத்தென்று துடிக்கும் ஒரு பள்ளம் தட்டுப்படும். உச்சிக்குழி என்று தாய்மார் எண்ணெய் வைக்கும் இடம். அங்கே எலும்புகள் இன்னும் கூடவில்லை. மூளை வளர வேண்டும் என்பதற்காகவே அவை கூடாமல் காத்திருக்கின்றன. பிறக்கும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தவர் மூளையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். மீதி அத்தனையும் மண்ணில் விழுந்த பின் வளர்வது. கண்டும் கேட்டும், தொட்டும் தவழ்ந்தும் வளர்வது. பிரமன் எழுதி முடித்துவிட்டான் என்று எந்தக் கோட்டைக் காட்டுகிறார்களோ, அந்தக் கோடு உண்மையில் இன்னும் எழுதப்பட வேண்டியதற்காக விடப்பட்ட இடைவெளியின் தழும்பு!

இதனை இப்போது எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. பொருநைக் கரைச் சிற்றூர் ஒன்றில் ஆசிரியப் பணியில் இருக்கிறோம். ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுவன். தந்தை வயல் வேலைக்குச் செல்பவர், தாயும் அப்படியே. பதினாறாம் வாய்பாடு அவனுக்கு ஏறவில்லை. மாலை மணி அடித்த பின்னும் அவனை அருகில் அமர்த்திச் சொல்லிக் கொடுத்துக் கொண்டிருந்தோம். அவ்வழியே வந்த மூத்த ஆசிரியர் ஒருவர், நல்லவர், எவருக்கும் தீங்கு நினையாதவர், நம்மைப் பார்த்து இரக்கத்தோடு சொன்னார்: "தம்பி, அவனோடு ஏன் மாரடிக்கிறீர்கள்? அது அவர்கள் ஜீனிலேயே இல்லை."

நாம் திடுக்கிட்டோம். பிரமன் போய்விட்டான், அவன் இருந்த நாற்காலியில் ஜீன் வந்து அமர்ந்துவிட்டது! பெயர் புதிது, பொருள் பழையது. கோயில் வாசலில் சொன்னால் மூடநம்பிக்கை என்று நகைக்கும் இளைஞரும், விஞ்ஞான உடை உடுத்தி வந்தால் அதே கருத்துக்கு வணக்கம் செலுத்துகிறார்கள். ஆகவே, ஜீன் என்னும் மரபணு உண்மையில் என்ன செய்கிறது, கற்கும் மூளைக்குள் அதன் வேலை யாது, அந்த உண்மை எப்படிக் கண்டறியப்பட்டது என்ற வரலாற்றை எடுத்துரைப்பது கடமையாயிற்று. அந்த வரலாற்றின் முதல் ஏடுகள் நம் ஆற்றங்கரையிலேயே கிடக்கின்றன.

தாழிக்குள் இருந்த தலைகள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், பொருநையின் தென்கரையில் இருக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பறம்பு. 1876இல் செர்மானியராகிய ஜாகர் அங்கு வந்து தோண்டினார். 1899 முதல் அலெக்சாண்டர் ரீ என்னும் ஆங்கிலேயர் சில ஆண்டுகள் தோண்டினார். தாழி தாழியாக வெளிப்பட்டன. இரும்பு வாளும் வேலும், வெண்கலப் பாண்டங்களும், பொன்னால் ஆன நெற்றிப் பட்டங்களும் கிடைத்தன. அவற்றோடு மனிதரின் மண்டையோடுகளும் கிடைத்தன. 2004இல் மீண்டும் நடந்த அகழாய்வில் நூற்று அறுபதுக்கும் மேற்பட்ட தாழிகள் கண்டெடுக்கப்பட்டன.

மண்டையோடு கிடைத்ததும் அந்நாளைய அறிஞர் உலகம் முதலில் எடுத்தது அளவுகோலை. நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, மூக்கெலும்பு எப்படி, இவன் எந்த இனம்? 1930இல் சாலி சக்கர்மன் என்னும் உடற்கூற்று அறிஞர் ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளைப் பற்றி எழுதிய ஆய்வைச் சென்னை அருங்காட்சியகம் வெளியிட்டது. அதற்கு முன்பே, அந்த அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், இறந்தோர் தலையோடு நில்லாமல் உயிரோடு இருந்தோரின் தலையையும் மூக்கையும் அளந்து, சாதி சாதியாகக் கணக்கெழுதி வைத்தார். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றிய அவருடைய ஏழு தொகுதிகள் 1909இல் வெளிவந்தன.

எலும்பை ஆராய்வது குற்றமன்று. இறந்தவரின் வயதையும் நோயையும் எலும்பு சொல்லும். அதனால் வரலாறு வளரும். ஆனால் தலையின் அளவிலும் மூக்கின் வடிவிலும் மனத்தின் தரம் தெரியும் என்று நம்பிய காலம் அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த நம்பிக்கை அடிமை முறைக்கும் இனவெறிக்கும் துணை நின்றது. இங்கே வருணம் பேசியோருக்கு அது வெளிநாட்டுச் சான்றிதழாயிற்று.

நாம் கேட்பது ஒன்றுதான். ஆதிச்சநல்லூர்த் தாழிக்குள் உறங்கியவன், செம்போடு எவ்வளவு வெள்ளீயம் சேர்த்தால் வெண்கலம் ஆகும் என்று அறிந்திருந்தானே, இரும்பை எந்த அளவு காய்ச்சினால் வாளாகும் என்று அறிந்திருந்தானே, அந்த அறிவு அவன் மண்டையோட்டின் எந்த மூலையில் எழுதியிருந்தது? எங்கும் இல்லை! அது பிறப்போடு வந்த சரக்கும் அன்று. ஒருவன் உலையருகே நின்று பார்த்தான், தவறினான், மீண்டும் செய்தான், நினைவில் நிறுத்தினான், அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். கற்றலும் நினைவும் சேர்ந்து செய்த வாள் அது. அந்த நினைவு தங்கியிருந்த மூளையோ மண்ணோடு மண்ணாயிற்று. எஞ்சிய ஓட்டை அளந்து உள்ளிருந்த அறிவை எடைபோட முயல்வது, நெல் போன பின் வெறுங்குதிரை அளந்து அரிசியின் சுவையைச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆற்றங்கரையில் இரண்டு பந்தி

ஆற்றை எதிர்த்து மேற்கே சென்றால் சேரன்மாதேவி. 1920களின் தொடக்கத்தில் வ.வே.சு. ஐயர் அங்கே ஒரு தமிழ்க் குருகுலத்தை நடத்தினார். நாட்டுப்பற்றை வளர்க்கும் கல்விச்சாலை என்று அதற்கு நாடெங்கும் நன்கொடை திரண்டது. தமிழ்நாடு காங்கிரசும் பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு ஐயாயிரம் கொடுத்தது. ஆனால் அந்தச் சாலையில் பார்ப்பனச் சிறுவருக்குத் தனிப் பந்தி, மற்றச் சிறுவருக்கு வேறு பந்தி என்ற செய்தி வெளிவந்தது. டாக்டர் வரதராசுலு நாயுடுவும், அன்று காங்கிரசில் இருந்த பெரியாரும் எதிர்த்துக் கிளம்பினர். 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகம் முழுதும் அந்தப் பந்தியைப் பற்றியே பேசிற்று. 1925 சூனில் பாபநாசத்தருகே அருவியில் வீழ்ந்த மகளைக் காக்கப் பாய்ந்து ஐயர் உயிர் துறந்தார். அந்தத் துயரத்தை நாம் மறக்கவில்லை. அவர் கற்றவர், துணிந்தவர். அத்தகையவர் நடத்திய சாலையிலேயே பிறப்பு ஒரு கோடு கிழித்தது என்றால், அந்தக் கோட்டின் வலிமை எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். அதற்கு வழி திறந்த நிகழ்ச்சிகளுள் ஒன்று நம் ஆற்றங்கரைப் பந்தி.

பந்தி பிரிந்தது சோற்றில். ஆனால் பிரித்த கருத்து அறிவைப் பற்றியது. ஒரு குலத்துக்கு ஏடு, மற்றக் குலங்களுக்கு ஏர் என்ற கருத்து. அதே கருத்து 1953இல் அரசின் திட்டமாகவே வந்தது. ஆரம்பப் பள்ளியில் அரை நாள் படிப்பு, மீதி நேரம் தகப்பன் செய்யும் தொழில் என்றனர். குலக்கல்வி என்று பெயர் பெற்ற அத்திட்டம் பெரும் எதிர்ப்புக்கு ஆளாகி 1954இல் கைவிடப்பட்டது. திட்டம் போயிற்று. ஆனால் அதன் அடியில் இருந்த நம்பிக்கை, பிள்ளையின் மூளை தகப்பன் தொழிலைத் தாண்டாது என்ற நம்பிக்கை, இன்னும் பள்ளித் தாழ்வாரத்தில் உலவுகிறது. அதைத்தான் அன்று மாலை நம் காதில் கேட்டோம்.

ஆகவே ஓட்டை விட்டு உள்ளே செல்வோம்.

உள்ளே நுழைந்த ஆராய்ச்சி

1885இல் எபிங்காஸ் என்னும் செர்மானிய அறிஞர், பொருளற்ற அசைகளை உருப்போட்டு, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தம்மையே சோதித்துக் கணக்கெடுத்தார். நினைவு என்பது ஆன்மாவின் மாயம் என்றிருந்த நிலை போய், அளந்து பார்க்கக் கூடிய பொருளாயிற்று. 1894இல் இசுபானிய நாட்டு கஹால், நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடர்பு கொள்ளும் இடங்கள் வலுப்படுவதே கற்றல் என்று கருத்துரைத்தார். 1900இல் முல்லர், பில்செக்கர் என்னும் இருவர், கற்றது உடனே நிலைப்பதில்லை, புதிதாய்ப் பூசிய சுண்ணாம்புச் சுவர்போல இறுகச் சற்று நேரம் வேண்டும் என்று கண்டனர்.

அந்த நேரத்தில் மூளைக்குள் நடப்பது என்ன? அறுபது ஆண்டுகள் கழித்தே விடை தெரியத் தொடங்கிற்று. 1960களில் அமெரிக்காவில் அக்ரனாஃப் என்பவர் தொட்டி மீன்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். விளக்கு எரிந்தால் மின்னதிர்ச்சி வரும். தடுப்பைத் தாண்டி மறுபக்கம் சென்றால் தப்பலாம். மீன்கள் இதனைக் கற்றுக்கொண்டன. கற்ற உடனே, உடலில் புதிய புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை அவற்றின் தலைக்குள் செலுத்தினார். சில நாட்கள் கழித்துப் பார்த்தால், கற்றதை அவை மறந்திருந்தன! அதே மருந்தைச் சற்று நேரம் கடத்திச் செலுத்தினால் நினைவு அழியவில்லை. கற்ற பின் வரும் அந்தச் சிறு பொழுதில் மூளை புதிய புரதத்தைச் செய்கிறது. செய்தால் நினைவு நிற்கிறது, செய்யாவிட்டால் போகிறது.

அதே காலத்தில் ஒரு வேடிக்கையும் நடந்தது. பழகிய தட்டைப் புழுவை நறுக்கிப் பழகாத புழுவுக்கு உண்ணக் கொடுத்தால் நினைவும் உடன் செல்கிறது என்று ஓர் ஆராய்ச்சியாளர் அறிவித்தார். உலகமே வியந்தது. பாடப் புத்தகத்தைக் கரைத்துக் குடிக்கலாம் போலும் என்று மாணவர்கள் மகிழ்ந்திருப்பார்கள்! ஆனால் பிற ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது அது உறுதிப்படவில்லை. ஆகவே அக்கருத்து கைவிடப்பட்டது. சொன்னவர் பெரியவர் என்பதற்காக ஏற்பதில்லை, செய்து பார்த்துத் தவறானால் தள்ளிவிடுவது. பகுத்தறிவின் பண்பு அது.

புரதம் செய்வதற்குக் குறிப்பு வேண்டும். அந்தக் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. மரபணுக்கள் எப்போதும் ஒரே வகையாக இயங்குவதில்லை, தேவைக்கு ஏற்பத் திறக்கவும் மூடவும் படுகின்றன என்று 1961இல் பிரெஞ்சு நாட்டு ஜாகோபும் மோனோவும் விளக்கினர்.

மடையும் நீர்பாய்ச்சியும்

இதனைப் புரிந்துகொள்ளப் பொருநைக் கரை மக்களுக்கு வேறு உவமை வேண்டியதில்லை. மலையிலிருந்து இறங்கும் ஆற்றில் மேலிருந்து கீழாக நதியுண்ணி, கன்னடியன், மருதூர், திருவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய், கால்வாய்தோறும் மடைகள். ஆற்றில் நீர் இருப்பது வேறு, வயலில் நீர் பாய்வது வேறு. எந்த மடை, எந்த நாளில், எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதே விளைச்சலைத் தீர்மானிக்கிறது. ஒரே ஆற்று நீரால் ஓரிடத்தில் நெல், ஓரிடத்தில் வாழை, ஓரிடத்தில் வெற்றிலை.

உடலிலும் அப்படியே. நம் உயிரணுக்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் மரபணுக்களின் முழுத் தொகுதி இருக்கிறது; புரதம் செய்யும் குறிப்புடையவை சுமார் 20,000. கல்லீரலில் சில மடைகள் திறந்திருக்கின்றன. மூளையில் வேறு சில. கற்கும்போது மூளையணுவில் இன்னும் சில மடைகள் புதிதாகத் திறக்கின்றன. திறப்பது எது? நாம் கண்டதும் கேட்டதும் செய்ததும்!

இதனை அணு அணுவாகக் காட்டியவர் எரிக் கேண்டல். வியன்னாவில் பிறந்த யூதர். பிறப்பைக் காரணம் காட்டி மனிதரைக் கொன்ற இட்லரின் ஆட்சிக்குத் தப்பி, சிறுவனாக அமெரிக்கா சென்றவர். அவர் தேர்ந்தெடுத்த மாணவன் ஒரு கடல் நத்தை. ஏப்ளீசியா என்று பெயர். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அந்த நத்தைக்கோ ஏறத்தாழ 20,000தான். அதன் வாலில் ஒருமுறை மின்னதிர்ச்சி கொடுத்தால் சில நிமிடங்கள் எச்சரிக்கையாக இருக்கும், பிறகு மறந்துவிடும். இடைவெளி விட்டு ஐந்து முறை கொடுத்தால் நாட்கணக்கில் நினைவு வைத்திருக்கும்.

இரண்டிற்கும் வேறுபாடு எங்கே? குறுகிய நினைவுக்கு, இருக்கும் புரதங்களைச் சிறிது மாற்றினால் போதும். நிலைத்த நினைவுக்கோ செய்தி அணுவின் கருவரை செல்ல வேண்டும். நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் எழும் அடையாளம், சைக்ளிக் ஏ.எம்.பி. என்னும் சிறு பொருளைப் பெருக்குகிறது. அது ஒரு நொதியை எழுப்புகிறது. அந்த நொதி கருவுக்குள் சென்று கிரெப் என்னும் புரதத்தைத் தட்டுகிறது. இந்தக் கிரெப்தான் நமது நீர்பாய்ச்சி! அது மடையைத் திறக்க, மரபணு இயங்க, புதிய புரதங்கள் உண்டாகி, அணுக்கள் சந்திக்கும் இடங்கள் புதிதாய் முளைக்கின்றன. பழகிய நத்தையின் நரம்பில் அத்தகைய முனைகள் ஏறக்குறைய இரு மடங்கு ஆனதை நுண்ணோக்கியில் கண்டனர். கற்ற நத்தையின் நரம்பு கல்லாத நத்தையின் நரம்பைப்போல் இல்லை. கல்வி உடம்பையே திருத்தி அமைத்திருந்தது. 2000இல் கேண்டலுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

1994இல் எலியிலும் இதே உண்மை தெரிந்தது. கிரெப் குறைந்த எலிகளுக்குச் சிறிது நேர நினைவு நன்றாகவே இருந்தது. மறுநாள் நினைவுதான் நிற்கவில்லை. பழ ஈயிலும் கண்டனர். ஈக்களுக்கு ஒரு மணத்தையும் மின்னதிர்ச்சியையும் சேர்த்துப் பத்து முறை பாடம் நடத்தினர். ஒரு கூட்டத்துக்கு இடைவிடாமல். மற்றொரு கூட்டத்துக்குப் பதினைந்து நிமிட ஓய்வு விட்டு விட்டு. ஓய்வோடு கற்ற ஈக்களுக்கே, புதிய புரதத்தால் ஆன நிலைத்த நினைவு உண்டாயிற்று. பாடம் அதே பத்து. ஓய்வு ஒன்றே வேறுபாடு. நம் நாட்டிலும் ஒபைத் சித்திக்கி பம்பாயில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் பழ ஈயின் மணத்தையும் சுவையையும் ஆராய்ந்து, பின்னர்ப் பெங்களூரில் உயிரியலுக்கென்று ஒரு பெரும் நிலையத்தை நிறுவினார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி.

எதிர்வாதம்

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: "மரபணு கெட்டால் கற்றல் கெடும் என்று நீங்களே ஒப்புகிறீர்கள். 1976இல் கற்க இயலாத ஒரு பழ ஈயைக் கண்டு, 'மக்கு' என்றே ஆங்கிலத்தில் பெயரிட்டார்களே! அதன் மரபணு ஒன்று பழுதாகிச் சைக்ளிக் ஏ.எம்.பி. கணக்குக் குழம்பியதுதானே காரணம்? அப்படியானால் பிறப்பிலேயே மக்கு உண்டு என்றுதானே பொருள்?"

நியாயமான கேள்வி, நேர்மையாக விடை சொல்வோம். மனிதருக்கு மனிதர் மரபணுவில் வேறுபாடு உண்டு. சில குழந்தைகள் மரபணுப் பழுதால் கற்பதில் இடர்ப்படுவதும் உண்டு. அவர்களுக்குத் தனிக் கவனமும் மருத்துவமும் தனிப் பயிற்சியும் தருவது நம் கடன். ஆனால் அந்தப் பழுது அக்கிரகாரத்திலும் பிறக்கும், சேரியிலும் பிறக்கும், மாளிகையிலும் பிறக்கும். அது தெருப் பார்த்து வருவதில்லை. ஒரு சாதி முழுமைக்கும் கற்கும் மரபணு இல்லை என்று சொல்ல விஞ்ஞானத்தில் சான்று கிடையாது. கிரெப் என்னும் நீர்பாய்ச்சி நத்தையிடம் இருக்கிறது, ஈயிடம் இருக்கிறது, எலியிடம் இருக்கிறது. நாற்று நடுபவளின் மகனிடம் மட்டும் இல்லையாம்! இதைவிடப் பெரிய பேதைமை வேறு உண்டா?

இன்னும் ஒன்று. மரபணு என்றால் மாறாதது, விதித்தது, முடிந்தது என்று பேசுவோர், அதன் பாதி வரலாற்றையே அறிந்தவர்கள். மரபணுவில் எழுத்து உண்டு, மெய்தான். ஆனால் அந்த எழுத்தை எப்போது படிப்பது, எவ்வளவு படிப்பது என்பதை வாழ்க்கையும் சேர்ந்து முடிவு செய்கிறது. பிரமன் எழுத்து மனிதனைக் கட்டிப்போடும். மரபணுவின் எழுத்து மனிதன் கற்பதற்காகக் காத்துக் கிடக்கிறது.

மூடிய மடைகள்

அப்படியானால், ஒரு பிள்ளைக்குப் பாடம் ஏறவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது எதை? மடை திறக்கும் வாய்ப்பு அவனுக்குக் கிடைத்ததா என்பதை!

பாளையங்கோட்டைக்கு வாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆஸ்க்வித், சுவெய்ன்சன் என்னும் இரு ஆங்கில மாதர் அங்கே கண்ணற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் அமைத்தனர். முன் பிறவிப் பாவம், கரும வினை, கற்பிக்க முடியாத பிறவி என்று ஊர் ஒதுக்கிய குழந்தைகள் அங்கே எழுத்தைக் கற்றனர். பிரெயில் படிக்கும் கண்ணற்றோரின் மூளையில், பார்வைக்கென்று அமைந்த பகுதியே விரல் தொடும் எழுத்தைப் படிக்கும் பணிக்கு வருகிறது என்பதை 1990களில் மூளைப் படங்கள் காட்டின. ஒரு மடை அடைபட்டால் மற்றொரு வாய்க்கால் வெட்டிக்கொள்கிறது மூளை. வெட்டக் கற்றுக் கொடுக்க ஒரு கை வேண்டும், அவ்வளவே.

அடுத்தது சோறு. புதிய நினைவுக்குப் புதிய புரதம் வேண்டும் என்றோம். புரதத்துக்கு மூலப்பொருள் உணவு. 1956இல் காமராசர், அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1982இல் அது சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பிச்சை போடுகிறார்கள் என்று அன்று இகழ்ந்தோர் உண்டு. பிச்சையன்று அது, பசித்த மூளைக்குப் பாய்ச்சிய நீர். சேரன்மாதேவியில் சோற்றுப் பந்தி பிள்ளைகளைப் பிரித்தது. எட்டயபுரத்தில் சோற்றுப் பந்தி பிள்ளைகளைச் சேர்த்தது. முப்பது ஆண்டில் ஒரே மாவட்டம் கண்ட மாறுதல் இது!

மூன்றாவது, கற்பிக்கும் முறை. ஒரே மூச்சில் நூறு முறை கத்த வைத்துப் பிரம்பை ஓங்கினால் பாடம் ஏறும் என்று நம்பிய திண்ணைப் பள்ளியின் நிழல் இன்னும் நம் வகுப்பறைகளை விட்டு அகலவில்லை. சிறிது கற்றல், சிறிது ஓய்வு, மறுநாள் மீண்டும் நினைத்துப் பார்த்தல், இரவில் நல்ல உறக்கம். பழ ஈயும் கடல் நத்தையும் ஆசிரியருக்கு நடத்திய பாடம் இது.

நம் மாணவனிடத்தில் அதைத்தான் செய்து பார்த்தோம். காலையில் பிள்ளைகள் கூடுமுன் ஐந்து நிமிடம். நண்பகல் உணவுக்குப் பின் ஐந்து நிமிடம். மாலையில் ஐந்து நிமிடம். அடி இல்லை, அதட்டல் இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு வரிதான். மூன்றாம் நாள் தடுமாறினான். ஐந்தாம் நாள் பாதி சொன்னான். பதினோராம் நாள் பதினாறாம் வாய்பாட்டை முழுதும் சொன்னான். பதினாறு ஏழு நூற்றுப் பன்னிரண்டு என்ற இடத்தில் மட்டும் ஒரு கணம் நின்று, கூரையைப் பார்த்துவிட்டுச் சரியாகச் சொன்னான். வியப்பொன்றும் நிகழவில்லை. அவன் பெரும் கணித மேதை ஆகிவிடவும் இல்லை. மற்றப் பிள்ளைகள் கற்பதை அவனும் கற்றான். ஆனால் கூரையைப் பார்த்த அந்த ஒரு கணத்தில் அவன் தலைக்குள் எத்தனை மடைகள் திறந்ததன் பயன் வெளிப்பட்டது என்பதை நாம் அறிவோம்.

மூத்த ஆசிரியரை அழைத்து வந்தோம். "ஐயா, ஒருமுறை கேளுங்கள்" என்றோம். முழுதும் கேட்டார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு அவன் தோளைத் தட்டி, "பதினேழாம் வாய்பாட்டையும் சொல்லிக் கொடுங்கள் தம்பி" என்றார். அவர் மேல் நமக்கு வருத்தம் இல்லை. அவர் சொன்னது அவருடைய சொல்லன்று; ஆயிரம் ஆண்டுகள் அவர் வாயில் திணித்து வைத்த சொல்.

தோழர்களே! ஊருக்கு ஒரு படிப்பகம் வைத்திருக்கிறோம், செய்தித்தாள் படிக்கிறோம், கூட்டம் போடுகிறோம். மாலையில் ஒரு மணி நேரம் அந்தப் படிப்பகத்தின் கதவைப் பிள்ளைகளுக்குத் திறந்து வைப்போம். படிப்பு வராது என்று எவன் ஒதுக்கப்பட்டானோ அவனை முதலில் அழைப்போம். தலையெழுத்து இல்லை என்று மேடையில் முழங்குவது எளிது. ஒரு பிள்ளையின் தலையில் பதினாறாம் வாய்பாட்டை எழுதிக் காட்டுவது அதனினும் வலிய பிரசாரம்.

பொருநையில் நீர் ஓடுகிறது, மடைகள் காத்திருக்கின்றன. ஆதிச்சநல்லூரில் தாழிக்குள் உறங்குகிறவனுக்கு உலையடியில் நின்று யாரோ ஒருவர் சொல்லிக் கொடுத்தார். சேரன்மாதேவியில் மற்றப் பந்தியில் அமர்த்தப்பட்ட சிறுவனுக்கும் அதே மூளை, அதே மரபணுக்கள், அதே நீர்பாய்ச்சி. இன்று நம் முன் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் அதுவே. அவன் தலையில் எழுதப்பட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. எழுதுகோல் பிரமனிடம் இல்லை. நம்மிடமும் அந்தப் பிள்ளையிடமும் இருக்கிறது.